நின்ற இடம், சொன்ன காரணம்: கொடிமலை ஏறப் புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவில் பினாங்குக் கொடிமலையின் உச்சிக்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ரயில் போகிறது. 1923-இல் ஓடத் தொடங்கிய ரயில். 2011-இல் புதுப்பித்துத் திறந்த பிறகு நடுவழியில் இறங்கி மாறி ஏற வேண்டிய வேலையும் இல்லை. சில நிமிடங்களில் மேலே போய்விடலாம். அதே உச்சிக்குத் தாவரவியல் பூங்கா வாசலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு தார்ச் சாலையும் ஏறுகிறது. ஜீப் சாலை என்போம். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர், பெரும்பாலும் செங்குத்தான ஏற்றம். புதிதாக நடப்பவர்களுக்கு இரண்டரை மணி நேரம், மூன்று மணி நேரம்கூட ஆகும்.

இந்தக் கட்டுரை அந்த ஐந்து கிலோமீட்டரைப் பற்றியது. வேலை, பிள்ளைகள், சமையல், வீட்டுக் கடன் என்று ஓடி ஓடி நாற்பதைத் தாண்டிவிட்டு, "எனக்கென்று ஒன்று செய்து பார்க்கணும்" என்று மனத்துக்குள் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்க்கிறவள். பள்ளியை விட்ட பிறகு எந்த விளையாட்டும் விளையாடியதில்லை. 44 வயதில் தொடங்கி, ஐந்து மாதம் கழித்து உச்சிக்குப் போனேன். கால் பலப்பட்டது ஒரு பக்கம் இருக்கட்டும். நான் எந்த இடத்தில் கைவிட்டுவிடுகிற ஆள் என்பது அந்த ஐந்து மாதத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே வரிசையாகச் சொல்லப்போகிறேன்.

முதலில் இலக்கைச் சரியாகப் பிடியுங்கள்

மலைதான் ஏற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீச்சல், வயலின், தையல், இருபது வருடத்துக்கு முன்னால் பாதியில் விட்ட ஒரு பரீட்சை, எதுவாக இருந்தாலும் சரி. ஆனால் முடிந்ததா முடியவில்லையா என்பதில் சந்தேகம் வரக்கூடாது. "தைரியமாக இருக்கணும்", "உடம்பைக் குறைக்கணும்" என்பதெல்லாம் ஆசை. "கீழே வாசலில் தொடங்கி மேலே ரயில் நிலையம்வரை சொந்தக் காலில்" என்பது இலக்கு. இன்றைக்கே செய்யச் சொன்னால் உங்களால் முடியாததாகவும் அது இருக்க வேண்டும்.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நீங்கள் அதைச் செய்யாமல் விட்டால் யாருக்கும் எந்த நஷ்டமும் வரக்கூடாது. நம்மில் பலர், பெண்கள் குறிப்பாக, அடுத்தவர்களுக்குத் தேவை என்பதால்தான் எதையும் செய்து முடிக்கிறோம். பிள்ளைக்கு ஸ்கூல் பஸ் வந்துவிடும், அதனால் எழுந்திருக்கிறோம். சூப்பர்வைசர் காத்திருப்பார், அதனால் கிளம்புகிறோம். யாருமே காத்திருக்காத ஒரு வேலையில் இறங்கிப் பாருங்கள். அப்போது நிறுத்துகிறவரும் நீங்கள்தான், கிளம்புகிறவரும் நீங்கள்தான்.

மலையை நான் சிபாரிசு செய்வதற்குச் சாதாரணக் காரணங்கள்தான். கட்டணம் இல்லை. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டில் துணி காயப்போடும் இடத்தில் நின்றால் தெரிகிறது. நாம் மறந்தாலும் அது அங்கேயே நிற்கும்.

அப்புறம், எதற்கும் முன்னால் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இந்நாட்டில் நம் இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம் என்பது தேசிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். அரசு கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்). சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், ஏறும் நாளில் எவ்வளவு எடுப்பது, என்ன சாப்பிடுவது என்பதை டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வேலையைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

ஒரு 555 புத்தகம் வாங்குங்கள்

மளிகைக் கடையில் கடன் எழுதுவதற்கு வைத்திருப்பார்களே, சட்டைப் பையில் அடங்கும் சின்னப் புத்தகம், அதேதான். கெடாவில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் என் அம்மாவிடம் ஒன்று இருந்தது. அரிசி, மீன் டின், மண்ணெண்ணெய் என்று கடைக்காரர் எழுதுவார். சம்பளத்தன்று அம்மா அதைத் திறந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். ஒரு வரியைக்கூடத் தாண்டிப் போனதில்லை.

உங்கள் 555-இல் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடது பக்கம் "நின்ற இடம்". வலது பக்கம் "சொன்ன காரணம்". அன்றைக்கு எங்கே நின்றீர்கள், நிற்கும்போது உங்களுக்கு நீங்களே என்ன சொல்லிக்கொண்டீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்பதெல்லாம் கைபேசி பார்த்துக்கொள்ளும்.

இறங்கி வந்ததும், மோட்டார் சைக்கிளை ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு எழுதினால் காரணம் அழகாகிவிடும். ஒருமுறை நான் அப்படித்தான் "பிள்ளைக்கு டியூஷன் இருந்தது" என்று எழுதினேன். டியூஷன் சாயங்காலம். நான் மலையில் நின்றது காலை எட்டு மணிக்கு.

நாலு வாரத்துக்குப் பழைய பக்கத்தைப் புரட்டாதீர்கள். நாலு வாரம் கழித்து, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து உட்கார்ந்து, அம்மா செய்ததைப் போல விரல் வைத்துப் படியுங்கள்.

என் புத்தகத்தில் வலது பக்கம் முழுக்க "மூச்சு வாங்கியது", "மூச்சு", "மூச்சு" என்றே இருந்தது. இடது பக்கத்தில்தான் எனக்கு உறுத்தியது. ஒருநாள் மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கியிருக்கிறது, இன்னொரு நாள் ஏழாவது வளைவைத் தாண்டி, அடுத்த நாள் இரண்டாவது வளைவிலேயே. மூச்சுப் பிரச்சினை என்றால் ஏறக்குறைய ஒரே இடத்தில் அல்லவா வர வேண்டும்? சரி, மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டேன்: "நிற்பதற்கு முன் என்ன நடந்தது." அடுத்த இரண்டு வாரமும் அதையும் எழுதினேன்.

விஷயம் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் யாரோ என்னை முந்திப் போயிருக்கிறார்கள். குறிப்பாக ஒரு சீனர் அங்கிள், எழுபது வயதுக்குக் குறையாது, தோளில் துண்டு, கையில் குடை. அவர் என்னைத் தாண்டிப் போன பத்தாவது அடியில் எனக்கு மூச்சு வாங்கும். தமிழ்ப்பள்ளியில் ஓட்டப் பந்தயம் நடக்கும்போது யாராவது முன்னால் போய்விட்டால் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அதை முப்பது வருடமாக மறந்திருந்தேன். வேலையிடத்தில் பதவி உயர்வுக்கு எனக்குப் பின்னால் வந்த பெண் மனு போட்டதும் நான் என் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டதும் அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. அதற்கு அப்போது நான் சொன்ன காரணம், ஷிப்ட் நேரம் ஒத்துவராது.

கண்டுபிடித்ததோடு விட்டுவிடாமல் ஒரே ஒரு சின்ன மாற்றம் செய்யுங்கள். பெரிய சபதம் வேண்டாம். நான் செய்தது இதுதான்: யாராவது முந்தினால் ஓரமாக ஒதுங்கி, "மோர்னிங்" என்று சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு இருபது அடி நடக்க வேண்டும், அதன் பிறகு வேண்டுமானால் நிற்கலாம். முதல் நாள் அந்த அங்கிளுக்குச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்து, "பெலான்-பெலான் லா" (மெதுவாக, மெதுவாக) என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். இருபது அடி நடந்தேன். அதற்குள் அவர் வளைவில் மறைந்துவிட்டார். எனக்கு நிற்கத் தோன்றவில்லை.

எல்லோருக்கும் இதுவே வரும் என்று நினைக்காதீர்கள். என்னோடு வந்த பக்கத்து வீட்டு அக்காவின் புத்தகத்தில் "நிற்கவில்லை", "நிற்கவில்லை" என்றே இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் மறுநாள் அவரால் படியிறங்க முடியவில்லை, கால் வீங்கிவிடும். விசாரித்தால், முட்டி வலித்த இடமெல்லாம் நினைவிருக்கிறது, ஆனால் என்னிடம் சொல்லக் கூச்சம். "நீ நடந்துகிட்டே இருந்தியேமா, உன்னை எதுக்கு நிறுத்தணும்னு விட்டுட்டேன்" என்றார். அவர் செய்ய வேண்டியிருந்த சின்ன மாற்றம் நேர்மாறானது: ஒவ்வொரு ஏற்றத்திலும் ஒருமுறையாவது வாய்விட்டு நிற்கச் சொல்ல வேண்டும். மூன்றாவது வாரம்தான் அது அவர் வாயில் வந்தது. "கொஞ்சம் நில்லுமா, முடியலை." அந்த மூன்று வார்த்தைக்கு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பக்கத்தில் நின்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், குளிர்ந்த வியர்வை, கை அல்லது தாடைக்குப் பரவும் வலி வந்தால் அதில் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம். அந்த இடத்திலேயே உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுங்கள், 999-ஐ அழையுங்கள். சோர்வு வேறு, ஆபத்து வேறு.

உடம்பைத் தயார் செய்வது

முதல் மூன்று வாரம் சமதரையில் நடங்கள். 1884-இல் அமைத்த தாவரவியல் பூங்கா இதற்கு அருமையான இடம். நிழல் உண்டு, காலையில் கூட்டமும் உண்டு, தனியாக வரும் பெண்களுக்குப் பயமில்லை. வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம். நடந்துகொண்டே ஒரு முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் குறையுங்கள். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டும் போகாதீர்கள். அவற்றுக்குப் பை என்றால் சாப்பாடு.

நாலாவது வாரத்திலிருந்து படி. தண்ணீர்மலை அருள்மிகு பாலதண்டாயுதபாணி ஆலயத்தில் 513 படிகள். தைப்பூசத்தன்று காவடியோடும் பால்குடத்தோடும் மக்கள் ஏறுகிற படிகள்தான். வாரம் ஒருமுறை ஏறுங்கள். ஆனால் அது கோயில். சாமி கும்பிட வருகிறவர்களை இடித்துக்கொண்டு ஓடாதீர்கள், கைபேசியில் பாட்டு வைக்காதீர்கள், மேலே போனால் ஒரு நிமிடமாவது முருகனைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் வாரம் நான் நாலு இடத்தில் உட்கார்ந்தேன். ஆறாவது வாரம் ஒரே இடத்தில்.

ஷிப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று: இரவு ஷிப்ட் முடித்த காலையில் ஏறவே ஏறாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பில் எழுதுகிற காரணம் எதுவும் உங்களைப் பற்றியது இல்லை, அது தூக்கத்தைப் பற்றியது. பக்கம் வீணாகும், காலும் தடுமாறும்.

சாலையில்

ஜீப் சாலையை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு வாரம் சில வளைவுகள்வரை போய்த் திரும்புங்கள். அடுத்தது 84. பாதி வழியில் இருக்கும் இளைப்பாறும் இடத்துக்கு அதுதான் பெயர். "எண்பத்து நாலுவரை போனேன்" என்றால் மலை ஏறுகிற எல்லோருக்கும் புரியும். நான் போன நாட்களில் அங்கே சூடான தேநீர் கிடைத்தது. 84-க்கு மூன்று முறையாவது போய்த் திரும்பிய பிறகு உச்சியைப் பற்றி யோசியுங்கள். மூன் கேட் என்ற வாசல் வழியாகக் காட்டுப் பாதையும் ஒன்று இருக்கிறது. வேரும் கல்லுமாக இருக்கும், மழை பெய்தால் அட்டை ஏறும். அது பிறகு.

ஏறும்போது அடியைச் சின்னதாக வையுங்கள். மிகவும் செங்குத்தான இடத்தில் நேராக ஏறாமல் சாலையின் குறுக்காக வளைந்து வளைந்து நடந்தால் தொடை எரிவது குறையும், ஆனால் ஜீப் வரும் சத்தம் கேட்டால் உடனே ஓரம் போய்விடுங்கள். களைத்த பிறகு நிற்பதைவிடக் கடிகாரம் பார்த்து நிற்பது நல்லது. பத்து நிமிடம் நடை, ஒரு நிமிடம் நிற்றல். இப்படித் திட்டம் போட்டு நிற்பதைப் புத்தகத்தில் எழுத வேண்டாம். திட்டத்தை மீறி நிற்பதை மட்டும் எழுதுங்கள்.

செருப்பு விஷயத்தில் காசைக் கொட்ட வேண்டாம். தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போட்டுப் போவார்களே, கறுப்பு ரப்பர் சப்பாத்து, இன்றைக்கு மலையேறுகிறவர்கள் "அடிடாஸ் கம்போங்" என்று செல்லமாகச் சொல்வது, அது சேற்றில் நன்றாகப் பிடிக்கும், சில வெள்ளிதான். ஆனால் தார்ச் சாலைக்கு அடிப்பாகம் மெத்தென்று இருக்கும் ஓட்டச் சப்பாத்துதான் முட்டிக்கு நல்லது. ஒன்றரை லிட்டர் தண்ணீர், இரண்டு வாழைப்பழம், ஒரு துண்டு, மாற்றுச் சட்டை, மடக்குக் குடை. போதும்.

ஏறும் நாள்

நம் ஊரில் சூரியன் தாமதமாகத்தான் எழும். 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், அதனால் பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது. ஏழு மணிக்குப் பூங்கா வாசலில் இருங்கள். பேருந்தில் வருபவர்களுக்கு 10-ஆம் எண். பத்து மணிக்குமேல் வெயில் ஏறிவிடும், பிற்பகலில் இடி மின்னல் வரும். அதனால் "எந்த இடத்தில் இருந்தாலும் பதினொரு மணிக்குத் திரும்பிவிடுவேன்" என்று கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். செப்டம்பர், அக்டோபரில் இங்கே மழை அதிகம், ஜனவரி, பிப்ரவரியில் குறைவு. 2017 நவம்பரில் கொட்டிய பேய்மழையில் இந்த மலையில் பல இடங்களில் மண் சரிந்தது. முதல்நாள் இரவு கனமழை பெய்திருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் வேண்டாம்.

வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்று யாராவது கேட்பார்கள், என் மாமியார் கேட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. "பன்னிரண்டு மணிக்கு வந்துடுவேன் அத்தை, சாம்பார் அடுப்படியில இருக்கு" என்றேன். விளக்கம் சொல்லத் தொடங்கினால் கிளம்புகிற தெம்பெல்லாம் அதிலேயே போய்விடும்.

முதல் முயற்சியில் நான் உச்சியைத் தொடவில்லை. 84-ஐத் தாண்டி இருபது நிமிடம் போயிருப்போம், மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. அக்கா திரும்பலாம் என்றார். திரும்பினோம். கீழே வந்து நனைந்த விரலால் எழுதினேன்: "84-க்கு மேல், பெரிய மூங்கில் பக்கம். மழை." மூன்றாவது கட்டத்தில் எழுத ஒன்றும் இல்லை. உண்மையிலேயே மழை மட்டும்தான் காரணம். அந்த வரியைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. காரணமும் உண்மையும் ஒன்றாக இருந்த முதல் வரி அது.

மூன்று வாரம் கழித்து மறுபடி போனோம். கடைசி அரை மணி நேரம் காற்று குளிர்ந்துவிடும், கீழே இருப்பதைவிட நாலைந்து டிகிரி குறைவாக இருக்கும், வியர்வைச் சட்டையோடு நிற்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். மேலே அருளொளி திருமுருகன் ஆலயம் இருக்கிறது. அக்கா படியில் உட்கார்ந்து வாழைப்பழத்தை உரித்து எனக்குப் பாதி கொடுத்தார். இருவரும் அதிகம் பேசவில்லை. ஜார்ஜ் டவுன், கடல், பாலம் எல்லாம் கீழே தெரிந்தன. ஜெலுத்தோங் பக்கம் எங்கள் அடுக்குமாடியைத் தேடினேன், எது என்று பிடிபடவில்லை.

இறங்குவதற்கு ரயிலில் போங்கள். முதல் தடவை நடந்து இறங்கினால் முட்டி வாரக்கணக்கில் வலிக்கும். மைகாட் அடையாள அட்டை எடுத்துப் போனால் உள்ளூர்க் கட்டணம். கீழ் நிலையத்திலிருந்து 204-ஆம் எண் பேருந்து ஊருக்குள் வரும். மோட்டாரைப் பூங்காவில் விட்டிருந்தால் அதை எடுக்க இன்னொரு பயணம் உண்டு. அதற்குச் சில்லறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு மாதம் சும்மா இருங்கள். அடுத்த இலக்கை உடனே பிடிக்காதீர்கள். முன்பு வராத எண்ணங்கள் அந்த ஒரு மாதத்தில் வரும். எனக்கு, இந்த வருடம் மறுபடி பதவி உயர்வு மனுப் படிவம் வந்தபோது அதை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்று பெண்கள் ஏற்கெனவே போட்டிருந்தார்கள். நானும் போட்டுவிட்டேன். முடிவு இன்னும் வரவில்லை.

புத்தகத்தில் பாதிப் பக்கம் மீதி இருக்கிறது. போன மாதம் நீச்சல் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். முதல் வரி: நின்ற இடம், ஆழமில்லாத பக்கத்து இரண்டாம் படி. சொன்ன காரணம், தண்ணீர் குளிர்.